முத்திரையும் மடலும்



பழைய தபால் முத்திரைகளையும் அரும்பொருட்களையும் ஏலத்தில் எடுத்துச் சேர்ப்பவர்களைப் பற்றி ஓர் இலக்கிய நிகழ்ச்சியில் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். முத்திரை என்பது ஒரு மடலின் மேலே ஒட்டப்படுவது. மடலோ எழுத்து. எழுத்தைச் சுமந்து சென்ற சிறு தாளுக்கு உலகம் எவ்வளவு விலை கொடுக்கிறது, அந்த எழுத்துக்கு என்ன நேர்ந்தது என்று கேட்பது இலக்கியக்காரன் கேட்க வேண்டிய கேள்வியே.

உலகில் மிகப் புகழ்பெற்ற முத்திரை ஒன்றின் கதையைச் சொல்கிறேன். தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த பிரித்தானிய கயானாவுக்கு இங்கிலாந்திலிருந்துதான் முத்திரைகள் கப்பலில் வரும். 1856 இல் அவை வந்து சேரத் தாமதமாயிற்று. தபாலதிபர் வேறு வழியின்றி, ஜோர்ஜ்டவுண் நகரில் பத்திரிகை அச்சிட்ட ஓர் அச்சகத்திடமே முத்திரைகளை அச்சிட்டுத் தருமாறு கேட்டார். அவர்கள் தந்த வேலை அவருக்குத் திருப்தியாக இல்லை. கள்ள முத்திரை வந்துவிடுமோ என்று அஞ்சி, ஒவ்வொரு முத்திரையிலும் தபால் எழுதுவினைஞர் தம் பெயரின் முதலெழுத்துக்களை மையால் இட வேண்டும் என்று கட்டளையிட்டார். அப்படிப் பிறந்ததுதான் மஜென்டா நிறத் தாளில் கறுப்பு மையில் ஒரு கப்பற் படம் தாங்கிய ஒரு சத முத்திரை. "கொடுக்கிறோம், பதிலுக்குக் கேட்கிறோம்" என்ற பொருளில் ஓர் இலத்தீன் வாசகமும் அதில் உண்டு.

நான்கு சத முத்திரை கடிதங்களுக்கு. ஒரு சத முத்திரையோ பத்திரிகைகளை அனுப்புவதற்கு. பத்திரிகையைப் படித்தவர்கள் படித்து முடித்ததும் மேலுறையை வீசிவிட்டார்கள். எஞ்சியது ஒன்றே ஒன்று. 1873 இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன், லூயிஸ் வோகன் என்பது அவன் பெயர், தன் குடும்பத்தின் பழைய காகிதங்களிடையே அதைக் கண்டெடுத்தான். நான்கு மூலைகளும் வெட்டுண்டு அழுக்கேறிய முத்திரை. உள்ளூர்ச் சேகரிப்பாளர் ஒருவர் அதற்கு ஆறு ஷில்லிங் கொடுத்தார். வேறு நல்ல முத்திரைகள் வாங்கலாம் என்று சிறுவன் மகிழ்ந்திருப்பான்.

பின்னர் அது இங்கிலாந்து சென்றது. அங்கிருந்து பாரிஸில் வாழ்ந்த பெருஞ் சேகரிப்பாளர் பெராரியிடம் போய்ச் சேர்ந்தது. அவர் தம் சேகரிப்பைப் பேர்லின் தபால் நூதனசாலைக்கு எழுதிவைத்துவிட்டு 1917 இல் இறந்தார். அது உலக யுத்தக் காலம். பிரெஞ்சு அரசு அச்சேகரிப்பைக் கைப்பற்றி, பின்னர் ஏலத்தில் விற்றது. 1922 இல் நடந்த ஏலத்தில் அமெரிக்கக் கைத்தொழிலதிபர் ஆர்தர் ஹைன்ட் 30,000 டொலருக்கு மேற்பட்ட தொகை கொடுத்து முத்திரையை எடுத்தார். 1980 இல் விலை 9,35,000 டொலர். அப்போது வாங்கிய ஜோன் டு பொன்ட் கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று 2010 இல் அங்கேயே இறந்தார். முத்திரை வங்கிப் பெட்டகத்தில் இருட்டில் கிடந்தது. 2014 இல் நியூயோர்க் ஏலத்தில் ஏறத்தாழ 95 இலட்சம் டொலருக்குப் போனது. 2021 இல் மீண்டும் ஏலத்துக்கு வந்தபோது 83 இலட்சம்தான் கிடைத்தது. ஏலத்தில் விலை ஏறிக்கொண்டே போகும் என்று நம்புகிறவர்கள் இந்த இறக்கத்தையும் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஏலத்தில் விலையைத் தீர்மானிப்பது பொருளின் அழகு அன்று. எத்தனை உண்டு, யார் யார் கையிலிருந்து வந்தது, அதை வேண்டி நிற்பவர் எத்தனை பேர் என்பவையே. ஒருவர் மட்டும் விரும்பினால் விலை எழாது. இருவர் விடாப்பிடியாக நின்றால் விலை விண்ணைத் தொடும். ஆர்தர் ஹைன்டைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். இதே முத்திரையின் இன்னொரு பிரதி அகப்பட்டபோது, அதையும் வாங்கி, தம் சுருட்டு நெருப்பிலே எரித்துவிட்டாராம். இது மெய்ப்பிக்கப்படாத கதை. ஆனால் இக்கதை ஏன் பிறந்தது என்று எண்ணிப் பாருங்கள். "ஒன்றே ஒன்று" என்பதில்தான் அச்சேகரிப்பாளரின் இன்பம் இருக்கிறது.

நம் தமிழ் மரபில் வேறொரு வகைச் சேகரிப்பாளர் இருந்தார்கள். சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை ஏடுகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். செல்லரித்த ஏடு கையில் கிடைத்ததும் அவர் அதைப் பெட்டகத்தில் பூட்டவில்லை. 1887 இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஒரு சில ஏடுகளாய் இருந்தது பலர் கையில் நூலாயிற்று. ஏலக்காரன் கணக்கில் அரும்பொருளின் அருமை அன்றே குறைந்துவிட்டது. தமிழின் கணக்கில்? 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, அச்சேறிய நூல்களை வேறிடங்களிலிருந்து மீண்டும் பெற முடிந்தது. படியெடுக்கப்படாத ஏடுகள் சாம்பலானவை சாம்பலானவைதான்.

இனி என் சொந்தக் குற்றம் ஒன்றை நேயர்களிடம் ஒப்புக்கொள்கிறேன்.

என் அம்மப்பா மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். அங்கிருந்து அம்மம்மாவுக்கு அவர் எழுதிய மடல்கள் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. 1990 இல், பத்து வயதில், எனக்கு முத்திரைப் பைத்தியம் பிடித்தது. எங்கள் நாட்டின் 1859 ஆம் ஆண்டு நான்கு பென்ஸ் முத்திரை, மங்கிய ரோசா நிறத்தது, பெருமதிப்புடையது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கண்டதையெல்லாம் வெட்டினேன். ஒருநாள் அம்மம்மாவின் பெட்டியைத் திறந்து, நீல நிற வான்கடிதங்களின் மூலைகளைக் கத்தரிக்கோலால் நறுக்கி எடுத்தேன். வான்கடிதத்தில் முத்திரையின் பின்பக்கமும் எழுத்து இருக்கும் என்பது என் சிறு மூளைக்கு எட்டவில்லை.

அம்மம்மா அடிக்கவில்லை. "மோனை, படம் வெட்டினது சரி. பின்பக்கத்திலை அம்மப்பா என்ன எழுதியிருந்தவர் எண்டு பாத்தனியே?" என்று மட்டும் கேட்டா.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமமே பெயர்ந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, நான் என் முத்திரை அல்பத்தைக் கட்டிலின் கீழே விட்டுவிட்டேன். அம்மம்மாவோ மடல்களைப் பழைய சேலைத் துண்டிலே சுற்றி இடுப்போடு கட்டிக்கொண்டு நடந்தா. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. அல்பமும் இல்லை. அதில் இருந்தவை பெரும்பாலும் சாதாரண முத்திரைகள்; எந்த ஏலத்திலும் நூறு ரூபா கூடப் பெறமாட்டா.

மடல்கள் இன்று என்னிடம் இருக்கின்றன. ஒன்றில், "இந்த முறை தைப்பொங்கலுக்கு" என்று ஒரு வரி வந்து நான் வெட்டிய ஓட்டையில் முடிகிறது. அதன் கீழே, "ஆகவே நீர் கலங்க வேண்டாம்" என்று தொடங்குகிறது. இடையில் இருந்த ஓரிரு வரிகள் என்னவென்று அம்மம்மாவிடம் கேட்டிருக்கலாம். அவவுக்கு அது மனப்பாடமாக இருந்திருக்கும். 2003 இல் அவ கண்மூடும்வரை கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை.

கயானா முத்திரையைப் பற்றி எண்ணும்போதெல்லாம் அது ஒட்டப்பட்டிருந்த பத்திரிகை என் நினைவுக்கு வரும். அன்றைய செய்தி என்ன, அதை எதிர்பார்த்திருந்தவர் யார்? 95 இலட்சம் டொலர் கொடுத்தவராலும் அதை விலைக்கு வாங்க முடியவில்லை.

சேகரிப்பது நல்ல பழக்கமே. சேர்ப்பவர் இல்லாவிட்டால் பழமை என்று ஒன்று நமக்கு எஞ்சாது. உங்கள் வீட்டுப் பெட்டிகளிலும் பழைய மடல்கள் இருக்கலாம். முத்திரையை மடலிலிருந்து பிரிக்காதீர்கள். மடலை வாசியுங்கள், எழுத்து மங்குமுன் படியெடுங்கள். அதைப் பெற்றவர் இன்னும் வீட்டிலிருந்தால், இன்றிரவே பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.