போர்க்கால உணவுக் கணக்கும் நம் வீட்டுக் குதிரும்

(ராஜபாளையத்தில் நடைபெற்ற உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



அறுவடை முடிந்து தானியம் களத்தில் குவிந்ததும் நீங்கள் ஒரு கணக்குப் போடுவீர்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, கூலிக்கு எவ்வளவு, விற்பனைக்கு எவ்வளவு என்பதே அந்தக் கணக்கு. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசும் படைக்கும் குடிமக்களுக்கும் சேர்த்து இதே போன்ற கணக்கைப் போட்டது. அது எங்கே தவறியது என்பதை அறிந்துகொள்வது நமக்கும் பயன்தரும்.

முதலில் சிங்கப்பூரைப் பார்ப்போம். அங்கே ஆங்கிலேயர் பெரிய கடற்படைத் தளம் அமைத்து, முற்றுகை வந்தால் படையும் மக்களும் உண்பதற்கென உணவுப் பொருள்களைச் சேமித்து வைத்தார்கள். ஆனால் குடிநீரில் ஒரு பகுதி ஜொகூரிலிருந்து குழாய் வழியே வர வேண்டியிருந்தது. போரில் அந்தக் குழாய் அறுந்தது. நகரத்துக் குழாய்களும் குண்டுவீச்சில் உடைந்தன. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் சரணடைந்ததற்குத் தண்ணீர்த் தட்டுப்பாடும் ஒரு முக்கியக் காரணம். அதன்பின் அரிசிக் கப்பல்கள் குறைந்தன. மலேயாவிலிருந்த நம் தமிழ்த் தொழிலாளர்கள் மரவள்ளிக்கிழங்கையும் சீனிக்கிழங்கையும் உண்டு காலம் தள்ள நேர்ந்தது.

அடுத்து, 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் வீழ்ந்தது. அதுவரை பர்மாவிலிருந்து ஆண்டுக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தது. அந்த வரத்து நின்றுபோயிற்று. அதே சமயம் இந்தியப் படை பெருகி இருபது லட்சம் பேரைத் தாண்டியது. அவர்களுக்கும் இங்கிருந்தே உணவு போக வேண்டும். 1943இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம் வந்தது. பதினைந்து லட்சம் பேர் மாண்டதாக விசாரணைக் குழு 1945இல் கணக்கிட்டது. அதைவிட அதிகம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள்.

அதன் பிறகே அரசு விழித்தது. நகரங்களில் பங்கீட்டு முறை வேண்டும், ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியம் வேண்டும், கையிருப்பாக ஐந்து லட்சம் டன் வைக்க வேண்டும் என்று 1943இல் உணவு தானியக் கொள்கைக் குழு பரிந்துரைத்தது. மலைக்கு அப்பாலுள்ள திருவிதாங்கூரும் பர்மா அரிசியையே பெரிதும் நம்பியிருந்தது. அங்கே பங்கீட்டோடு மரவள்ளியும் மக்களின் பசியைத் தாங்கியது. போர் முடிந்தும் பற்றாக்குறை தீரவில்லை. 1946இல் ஒரு ராத்தல் முக்கால் ராத்தலாகக் குறைந்தது.

பங்கீட்டுக்குத் தானியம் எங்கிருந்து வந்தது? உழவர் களத்திலிருந்துதான். குடும்பச் சாப்பாடு, விதை, கூலி போக மிஞ்சிய நெல்லை நிர்ணய விலைக்கு அரசுக்கு அளக்க வேண்டும் என்பது விதி. வெளிச்சந்தையில் விலை ஏறியிருக்கும்போது நிர்ணய விலைக்கு அளக்க யாருக்கு மனம் வரும்? மறு ஆண்டு மழை பெய்யுமா என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும். ஆகவே உழவருக்கும் கொள்முதல் அதிகாரிக்கும் ஓயாத இழுபறி.

இந்தச் சுமை நம் ஊர்க்காரர் ஒருவர் தோளிலும் ஏறியது. ராஜபாளையத்தைச் சேர்ந்த பி.எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தார். வறட்சியும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்திருந்த காலம் அது. 1952 தேர்தலில் அவரே ஸ்ரீவில்லிபுத்தூரில் தோற்றார். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் ராஜாஜி அரிசிக் கட்டுப்பாட்டை நீக்கினார்.

இதிலிருந்து நாம் அறிவது என்ன? தொலைவிலிருந்து வரும் தானியத்தை மட்டும் நம்பிய திட்டம் வழி அடைபட்டதும் சரிந்தது. விளைவிப்பவனுக்கு நியாயமாகத் தோன்றாத திட்டமும் நிலைக்கவில்லை.

இன்று ரேஷன் கடையில் அரிசி கிடைக்கிறது. அந்த ஏற்பாட்டின் வேர் அந்தப் போர்க்காலத்தில்தான் இருக்கிறது. என்றாலும் உழவர் வீட்டுக் கணக்கை உழவரே போட வேண்டும். அன்றைய ஒரு ராத்தல் என்பது சுமார் 454 கிராம். ஆண்டுக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 165 கிலோ அரிசி. நெல்லாக 250 கிலோ. பெரியவர் மூவரும் சிறுவர் இருவரும் உள்ள குடும்பத்தில், சிறுவருக்குப் பாதி என்று வைத்தால், ஒரு டன் நெல் ஆகும். ரேஷன் அரிசியையும், உண்ணும் கம்பு, சோளம், குதிரைவாலியையும் இதில் கழித்துக்கொள்ளுங்கள். மீதியை விதையோடு முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வியாபாரியிடம் பேசுங்கள். கடன் நெருக்குகிறது என்று எல்லாவற்றையும் களத்திலேயே அளந்துவிட்டு, நான்கு மாதம் கழித்து அதே தானியத்தைக் கூடுதல் விலைக்கு வாங்குவதில் நட்டம் நமக்குத்தான்.

ஒதுக்கியதைக் காப்பாற்றவும் வேண்டும். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் போகாதபடி வெயிலில் நன்றாக உலர்த்துங்கள். தானியத்தைக் கடித்தால் நசுங்கக்கூடாது, 'டக்' என்று உடைய வேண்டும். சூடு ஆறிய பிறகே குதிரிலோ சாக்கிலோ நிரப்புங்கள். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் பலகை மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். விதைத் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பது இன்றும் நல்ல முறையே. மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, வண்டு கண்டால் உடனே உலர்த்துங்கள்.

கண்மாய்ப் பாசனத்தில் நெல் போடுகிறவர்கள், வசதி இருந்தால் புஞ்சையில் ஒரு துண்டாவது சிறுதானியம் போடுங்கள். மழை பொய்க்கும் ஆண்டில் நெல் கைவிட்டாலும் அது வீட்டுக்கு உதவும்.

ஊருக்குச் சோறு போடும் கை முதலில் தன் வீட்டுக் குதிரை நிரப்பிக்கொள்வது தன்னலம் ஆகாது. விதையும் சாப்பாடும் உழவரிடம் இருந்தால்தான் அடுத்த ஆண்டு ஊருக்கும் விளைச்சல் உண்டு. இந்த அறுவடையிலேயே ஒரு தாளில் உங்கள் கணக்கை எழுதிவிடுங்கள்.