எதற்கு முதலிடம்?

நம் நாட்டில் ஐந்தாண்டுத் திட்டங்கள் தொடங்கிய காலத்தில், உழவுக்கு முதலிடமா, கனரகத் தொழிலுக்கு முதலிடமா என்ற விவாதம் எழுந்ததை நாம் அறிவோம். 1951இல் தொடங்கிய முதல் திட்டம் உழவையும் பாசனத்தையும் முன்னிறுத்தியது. 1956இல் தொடங்கிய இரண்டாவது திட்டம் எஃகுக்கும் இயந்திரங்களுக்கும் முதன்மை தந்தது. தேவை பலவாகவும் கையிருப்பு சிலவாகவும் உள்ள இடமெங்கும் இவ்வினா எழவே செய்யும். கணிப்பொறி உலகில், கண்ணுக்குப் புலனாகாத ஓர் இயந்திரத்தைக் கட்டுவோரும் இதனையே எதிர்கொள்கின்றனர். அவர்களுடைய அனுபவத்தை இன்று சற்றுச் சிந்திப்போம்.

மெய்நிகர் இயந்திரம் என்பது இரும்பாலானதன்று; அதுவும் ஒரு நிரலே. நாம் ஒரு நிரல் மொழியில் எழுதுவது முதலில் பைட்கோட் என்னும் இடைநிலைக் கட்டளைகளாக மாறுகிறது. அக்கட்டளைகளை ஒவ்வொன்றாக நிறைவேற்றுவதும், நினைவகத்தில் பயனற்றுப் போனவற்றை அகற்றுவதும் இவ்வியந்திரத்தின் வேலை. இதன் மூல நிரல் எல்லார்க்கும் திறந்து வைக்கப்பட்டிருந்தால், விரும்பியவர் யாரும் அதனைப் படிக்கலாம், திருத்தலாம். ஆனால் அங்கே உழைப்போருட் பலர் தன்னார்வலர்கள். அவர்களுக்கு ஆணையிட முதலாளி இல்லை. ஆகவே முதன்மைகளை வகுப்பது அங்கே இன்னும் கடினமாகிறது.

பேரட் என்னும் இயந்திரத்தின் வரலாற்றைப் பாருங்கள். 2001ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள், பெர்ல், பைத்தான் என்னும் இரு மொழிகளும் இணைந்து பேரட் என்ற பெயரில் ஒரே மொழியாகப் போவதாக ஒரு செய்தி வெளியாயிற்று. அது முட்டாள் தின வேடிக்கை. ஆனால் அதே ஆண்டில் உண்மையாகவே ஓர் இயந்திரத்தின் பணி தொடங்கி, அப்பெயரையே ஏற்றுக்கொண்டது. 2000ஆம் ஆண்டில் லாரி வால் அறிவித்திருந்த ஆறாம் பெர்ல் மொழியைத் தாங்குவதே அதன் பிறப்பு நோக்கம். எனினும், இயக்கத்தன்மை மிக்க மொழிகள் அனைத்துக்கும் பொதுத் தளமாக விளங்க வேண்டும் என்ற பெரிய ஆசையும் உடன் வளர்ந்தது.

ஆசை உயர்ந்ததே. ஆனால் எல்லார்க்கும் பொதுவான வீட்டைக் கட்டுவோர், முதலில் குடிவருபவர் யார் என்று கேட்டாக வேண்டுமன்றோ? 2009 மார்ச்சு மாதத்தில் பேரட்டின் 1.0 பதிப்பு வெளிவந்தது. மாதந்தோறும் வெளியீடுகளும் தவறாது வந்தன. ஆனால் அதன் மீது உண்மையாகக் குடியேறிய பெரிய மொழி ஆறாம் பெர்ல் ஒன்றுதான். அதன் மொழிபெயர்ப்பியாகிய ரக்குடோவைக் கட்டியவர்கள், தமக்கு ஏற்ற பொருளமைப்பைத் தாமே உருவாக்கிப் பேரட்டின் மேல் பொருத்த வேண்டியதாயிற்று. வாராத விருந்தினர்க்கு இலை போட்டு வைத்து, வந்தமர்ந்தவரைக் காக்க வைத்த கதை இது.

2013இல் ரக்குடோவினர் மோர்விஎம் என்ற புதிய இயந்திரத்தை அறிவித்தனர். அது தம் மொழியின் தேவைகளை முதலிலேயே கருதிக் கட்டப்பட்டது. 2015ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் ஆறாம் பெர்லின் முதல் நிலையான வெளியீடு வந்தபோது, அதனைத் தாங்கி நின்றது மோர்விஎம், பேரட் அன்று. மொழியும் 2019இல் ராக்கு என்று பெயர் மாறியது. பேரட்டின் பணியோ மெல்ல ஓய்ந்தது. அதற்கு உழைத்தவர்களிடம் திறமைக் குறைவு இல்லை. அவர்கள் ஈந்தது தம் ஓய்வு நேரம். அந்த ஆண்டுகள் மீண்டு வாரா என்பதே நாம் வருந்த வேண்டிய செய்தி.

இனிப் பைத்தானைப் பாருங்கள். அதன் இயந்திரத்தில், ஒரு நேரத்தில் ஒரே இழை மட்டும் இயங்கும்படி செய்யும் பூட்டு ஒன்று நெடுங்காலமாக உண்டு. பூட்டை அகற்றும் முயற்சிகள் தொண்ணூறுகளிலிருந்தே நடந்தன. ஆயின், ஒற்றை இழையில் ஓடும் சாதாரண நிரல்களின் வேகம் அவற்றால் குறைந்தது. அவ்வேகம் குறையாத திருத்தத்தையே வரவேற்போம் என்று அம்மொழியைப் படைத்த கைடோ வான் ராஸம் 2007இல் எழுதினார். பெரும்பான்மையோரின் தேவை முதலில் என்பது அதன் பொருள். 2023இல், தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவர் கொண்ட வழிநடத்தும் குழு, பூட்டை நீக்கும் திட்டத்தை ஏற்றது. ஆனால் படிப்படியாகச் செல்லவும், தீங்கு விளையுமாயின் பின்வாங்கவும் இடம் வைத்தே ஏற்றது. 2024இல் வந்த 3.13 பதிப்பில் அது சோதனையாக இடம்பெற்றது. 2025இல் வந்த 3.14 பதிப்பில், விரும்புவோர்க்கு முறையான ஆதரவு பெற்றது.

இவ்விரு வரலாறுகளிலிருந்தும் நாம் கொள்ளத்தக்கது யாது? வேண்டியவற்றையெல்லாம் வரிசையாக எழுதி வைப்பது விருப்பப் பட்டியலே அன்றித் திட்டம் ஆகாது. யாருடைய தேவை முதலில், யார் காத்திருக்க வேண்டும், எதனை இப்போது செய்யப் போவதில்லை என்று வெளிப்படையாகச் சொல்லும்போதுதான் அது திட்டமாகிறது. கூலி பெறாது உழைப்பவருக்கு நாம் தரக்கூடிய மரியாதையும் அதுவே: அவர் நட்ட செங்கல் எந்தச் சுவருக்கு என்பதை முன்னரே அவருக்குச் சொல்லிவிடுவது.