தோல் மூடும் விதம்

ரிஷிவந்தியம் பக்கம் கரும்பு வெட்டும்போது காலில் கத்தி படுவதுண்டு. சின்னக் காயம் தானாகவே ஆறிவிடுகிறது. எப்படி?

தோலின் அடியடுக்கிலும் மயிர்க்கால்களிலும் புதிய செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. காயம் பட்டதும் இரத்தத் தட்டணுக்கள் 'வளர்ச்சிக் காரணி' எனும் புரதங்களை வெளிவிடும். செல்லின் மேலுள்ள ஏற்பி, பூட்டு சாவியை ஏற்பதுபோல் அக்காரணியைப் பற்றிக்கொள்ளும். பிறகு செல்கள் பெருகி, காயத்தின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி நகரும்.

பிறந்த எலிக்குஞ்சுகள் உரிய நாளுக்கு முன்பே கண் திறந்ததைக் கவனித்து, இப்படியொரு காரணியைக் கண்டறிந்தவர் ஸ்டான்லி கோஹன். 1986இல் நோபல் பரிசு பெற்றார். அதே புரதத்தை ஐதராபாத்தின் பாரத் பயோடெக், சர்க்கரை நோயாளிகளின் கால்புண்ணுக்கு மருந்தாக்கியது.

சர்க்கரை நோய் இருந்தால் புண் ஆறுவது தடைபடும். அதனால் காலில் காயமென்றால் காப்பித்தூளோ சுண்ணாம்போ வைக்காதீர்கள். சுத்தமான தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.