கோப்பிக்கு ஒரு வீடு வேண்டும்



'வாயில்லா ஜீவன்களும் நாமும்' என்பது இன்றைய தலைப்பு. தலைப்பு பெரியது, எனக்குக் கொடுத்திருக்கும் நேரம் சிறியது. ஆகவே நான் ஒரே ஒரு ஜீவனைப் பற்றி மட்டும் பேசப் போகிறேன். அதற்கு வாய் உண்டு, நன்றாகவே குரைக்கும் என்பது வேறு விஷயம். அதன் பெயர் கோப்பி.

பால் கொஞ்சமாக ஊற்றிய கோப்பியின் நிறம். அதனால் காப்பகத்துத் தொண்டூழியர்கள் வைத்த பெயர் அது. பெண் நாய். பத்து மாதம் ஆகிறது. தரையிலிருந்து தோள் வரை 48 செண்டிமீட்டர் உயரம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றொன்று பாதியில் மடங்கிக் கொள்ளும். என்ன இனம் என்று கேட்டால், நம் நாட்டில் 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று செல்லமாகச் சொல்கிறோமே, அந்த இனம். தொழிற்பேட்டை ஓரத்திலும் காட்டுப் பகுதியிலும் தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்ந்த கலப்பின நாய்.

இங்கே 2018 நவம்பரில் ஒரு திட்டம் தொடங்கியது. தெருநாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்வார்கள். வீட்டுக்குப் பழகக்கூடிய நாய்க்கு வீடு தேடுவார்கள். பழகாத நாயை ஏற்ற இடம் பார்த்துத் திரும்ப விடுவார்கள். அப்படித் தாயைப் பிடித்தபோது கூடவே கிடைத்த மூன்று குட்டிகளில் ஒன்றுதான் கோப்பி. மற்ற இரண்டும் மூன்று மாதக் குட்டிகளாக இருந்தபோதே வீடுகளுக்குப் போய்விட்டன. கோப்பி மட்டும் சுங்கை தெங்காவில், ஒரு காப்பகக் கூண்டில் இருக்கிறது.

ஏன் இது மட்டும் நின்றுவிட்டது? நோய் இல்லை, கடிக்கவும் இல்லை. யாராவது பார்க்க வந்தால் தண்ணீர் வாளிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது, அவ்வளவுதான். வருகிறவர்கள் அரைமணி நேரம்தான் இருப்பார்கள். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் நாயைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நான் போனபோது முதல் இரண்டு முறையும் அது என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாவது முறை, நான் தரையில் உட்கார்ந்து தொண்டூழியரோடு பேசிக்கொண்டிருந்தபோது, பின்னால் வந்து என் காலணியை முகர்ந்துவிட்டுப் போனது. 'உங்களுக்கு இன்றைக்கு நல்ல நாள்' என்றார் அந்தத் தொண்டூழியர்.

பத்து மாதம் என்பது என்ன வயது?

நாய்க்குட்டி இந்த உலகத்தைச் சுலபமாகப் பழகிக்கொள்ளும் காலம் ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பதினான்காவது வாரம் வரைதான். அந்த நாட்களில் குழந்தை அழுவது, மிக்ஸி ஓடுவது, சக்கர நாற்காலி வருவது எல்லாம் அதற்குச் சாதாரணமாகிவிடும். கோப்பியின் அந்த வாரங்கள் ஒரு கொள்கலனுக்கு அடியில் கழிந்தன. அது மின்தூக்கியைக் கண்டதில்லை, தொலைக்காட்சியின் சத்தத்தைக் கேட்டதில்லை. குடை விரிந்தால் நடுங்குகிறது.

அதற்காகக் காலம் கடந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். நம் வீட்டு உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகளை நினைத்துக்கொள்ளுங்கள். பிடிவாதம் இருக்கும், மறதி இருக்கும், வேகமும் இருக்கும். ஆனால் எதையும் கற்றுக்கொள்ளும் வயது. வயதான நாயும் கற்றுக்கொள்ளும், நாள் கூடுதலாகும். அதுவரை யார் கற்றுக்கொடுப்பது என்பதுதான் கேள்வி. காப்பகத்தில் அன்பு உண்டு, உணவு உண்டு, மருந்து உண்டு. ஆனால் ஒருவர் பல நாய்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு நாயின் பயத்தைப் போக்க வேண்டுமானால், அந்த ஒரு நாய்க்கென்று ஓர் ஆள் வேண்டும். நாயின் ஆயுள் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுகள். இந்த வயதில் வீடு கிடைக்காவிட்டால், அத்தனை ஆண்டுகளும் அந்தக் கூண்டிலேயே போய்விடக்கூடும்.

கண்ணீர் வேண்டாம், கணக்கு வேண்டும்

நேயர்களே, நான் தொலைக்காட்சியில் வேலை செய்பவர்களில் ஒருவர். உங்களை எப்படி அழவைப்பது என்று எங்களுக்குத் தெரியும். கோப்பியின் கண்களை மிக நெருக்கத்தில் காட்டி, கூண்டுக் கம்பியை முன்னால் வைத்து, பின்னணியில் ஒரு புல்லாங்குழலைச் சேர்த்தால் போதும். இன்றிரவே பலர் தொலைபேசியை எடுப்பீர்கள். அதனால்தான் இன்று அந்தக் காட்சியைக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏனென்றால், பரிதாபப்பட்டு அழைத்துப்போகும் நாய் திரும்பி வருகிறது. சோபாவைக் கடித்துவிட்டது, பாட்டிக்குப் பிடிக்கவில்லை, வேலை மாறிவிட்டது என்று காரணங்கள் வரும். வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டுக் கூண்டுக்குத் திரும்பிய நாய் முன்பைவிடப் பயந்ததாகிவிடும். நாயைக் கைவிடுவது இந்நாட்டில் சட்டப்படி குற்றம், சிறைத்தண்டனையும் உண்டு. ஆனால் முறைப்படி காப்பகத்தில் திருப்பிக் கொடுப்பவரைச் சட்டம் ஒன்றும் செய்யாது. நாய்க்குத்தான் தண்டனை. ஆகவே நான் கேட்பது உங்கள் இரக்கத்தை அல்ல. உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

முதல் கணக்கு, வீடு. நம்மில் பத்தில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருக்கிறோம். 'வீவக வீட்டில் தெருநாய் வளர்க்க முடியாதே' என்று இன்னமும் பலர் நினைக்கிறார்கள். ஒரு காலத்தில் அது சரி. பட்டியலில் உள்ள சிறிய இன நாய்களுக்கு மட்டுமே அனுமதி இருந்தது. 2012ஆம் ஆண்டு 'புரோஜெக்ட் அடோர்' என்ற திட்டம் வந்தது. நடுத்தர அளவுள்ள உள்ளூர்க் கலப்பின நாயைத் திட்டத்தில் சேர்ந்த விலங்குநல அமைப்பின் வழியாகத் தத்தெடுக்கலாம் என்றானது. அப்போது 50 செண்டிமீட்டர் உயரமும் 15 கிலோ எடையும் எல்லை. 2020 மார்ச்சில் உயரம் 55 செண்டிமீட்டராக உயர்ந்தது, எடைக் கட்டுப்பாடு நீங்கியது. 48 செண்டிமீட்டர் கோப்பி இந்த எல்லைக்குள் வசதியாக அடங்கும். ஆனால் ஒரு வீவக வீட்டுக்கு ஒரு நாய்தான். கருத்தடை, நுண்சில்லு, உரிமம் மூன்றும் வேண்டும். நாயைக் கீழ்ப்படிதல் பயிற்சிக்கு அழைத்துச்செல்ல வேண்டும். இவற்றைத் தொல்லையாக எண்ண வேண்டாம். பக்கத்து வீட்டாரோடு சண்டை வராமல் காப்பவை இவைதான்.

இரண்டாவது கணக்கு, நேரம். காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை. மழை பெய்தாலும், தேர்வுக்காலம் வந்தாலும், நமக்குத் தலைவலி என்றாலும் நடக்க வேண்டும். யார் நடப்பார்கள்? 'பணிப்பெண் பார்த்துக்கொள்வார்' என்றால், நாய் அவருடையது. அவர் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போகும்போது என்ன செய்வீர்கள்? 'பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்' என்றால், இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் மகன் தேசிய சேவைக்குப் போகும்போதும் இந்த நாய் உங்கள் வீட்டில் இருக்கும். அதையும் கணக்கில் சேருங்கள்.

மூன்றாவது கணக்கு, பணம். உணவும் உரிமமும் சின்னச் செலவு. ஆண்டுதோறும் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரைக் கேட்க வேண்டும். கொசுக்கடியால் பரவும் இதயப்புழு நோய்க்குத் தடுப்பு மருந்து தவறாமல் வேண்டும். உண்ணிக்காய்ச்சல் வராமல் பார்க்க வேண்டும். ஊருக்குப் போனால் நாயை விட்டுச்செல்லும் இடத்துக்கும் வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். நோய் வந்த அன்று கையில் பணம் இருக்க வேண்டும்.

சாமி அறையும் பாட்டியும்

நான்காவது கணக்கு நம் தமிழ்க் குடும்பங்களுக்கே உரியது. 'நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும்' என்று தொடங்கும் பழமொழி நம்மிடம் இருக்கிறது. யாரையாவது திட்ட வேண்டுமென்றால் முதலில் வருவது நாய்தான். ஆனால் பைரவருக்கு வாகனம் யார்? மகாபாரதத்தின் முடிவில், கூடவே நடந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்று நின்றவர் தருமர். யானையின் நட்பைவிட நாயின் நட்பே மேல் என்று சொல்வது நாலடியார். ஆக, நாய் வீட்டுக்கு ஆகாது என்பதற்கு நம் மரபைச் சாட்சிக்குக் கூப்பிட்டால், மரபு இரண்டு பக்கமும் பேசும்.

அதற்காகப் பாட்டியோடு வாதாடி ஜெயிக்கச் சொல்லவில்லை. சாமி அறைக்குள் நாய் வரக்கூடாது என்று அவர் சொன்னால், அந்த வாசலில் ஒரு சின்னத் தடுப்புக் கதவு போடுங்கள். நாய்க்கு எல்லை தெரிவது நல்லதுதான். ஆனால் நாயே வேண்டாம் என்று அவர் சொன்னால், அவர் மனம் மாறும்வரை பொறுங்கள். வீட்டில் ஒருவருக்கு வேண்டாத நாய் தினமும் அதை உணரும். அதே மாதிரி, சமயக் காரணத்தால் நாயைத் தொடாத அக்கம்பக்கத்தாரும் நமக்கு உண்டு. மின்தூக்கியில் அவர்கள் இருந்தால் கயிற்றைக் கையருகே சுருட்டிப் பிடித்து, அடுத்த மின்தூக்கிக்குக் காத்திருப்பதில் என்ன குறைந்துவிடும்?

சமையலறைக்கும் ஒரு வார்த்தை. மிஞ்சிய சாம்பார் சோற்றைப் போடுவதை அன்பு என்று நினைக்கிறோம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் போடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். சாக்லெட்டும் ஆகாது.

முதல் மூன்று மாதம்

நாய்களைத் தத்துக்கொடுப்பவர்கள் ஒரு கைக்கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் தணிய மூன்று நாள், வீட்டின் பழக்கம் புரிய மூன்று வாரம், இது என் வீடு என்று தோன்ற மூன்று மாதம். எல்லா நாய்க்கும் இது அப்படியே பொருந்தாது. கோப்பி போன்ற கூச்சமுள்ள நாய்க்கு இன்னும் அதிகமாகும்.

முதல் நாள் அது கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். சாப்பிடாமலும் இருக்கலாம். உறவினரை வரவழைத்து, சுற்றி நின்று படம் எடுக்காதீர்கள். மின்தூக்கியில் ஏற மறுத்தால் இழுக்காதீர்கள். முதல் நாள் கதவு வரை, மறுநாள் உள்ளே ஓர் அடி என்று பழக்குங்கள். இடி இடித்தால், தேசிய தின வாணவேடிக்கை வெடித்தால், சிங்க நடனக் கொட்டு கேட்டால் அது எங்காவது ஓடப் பார்க்கும். அந்த நேரங்களில் வெளிக்கதவைத் தாழிட்டு வையுங்கள். திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். பயத்தால் ஒளிந்த நாயை அடித்தால், பயந்தது சரிதான் என்று அதற்கு நாமே சொல்லிக்கொடுக்கிறோம்.

கணக்குப் போட்டுப் பார்த்து, 'நம்மால் முடியாது' என்று விடை வந்தால் வெட்கப்பட வேண்டாம். அதுவும் கோப்பிக்குச் செய்த உதவிதான். வேறு வழிகள் உண்டு. நிரந்தர வீடு கிடைக்கும்வரை சில மாதம் தற்காலிகமாக வைத்துக்கொள்வோரைக் காப்பகங்கள் தேடுகின்றன. வாரம் ஒருமுறை போய் நடக்க அழைத்துச்செல்லலாம். புதிய மனிதர் ஒருவர் வந்து, எதுவும் கேட்காமல் அருகில் உட்கார்ந்துவிட்டுப் போவதுகூடக் கூச்சமுள்ள நாய்க்குப் பாடம்தான்.

'முடியும்' என்று விடை வந்தால், ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு புறப்படுங்கள். பாட்டியையும் அழைத்துப் போங்கள். அன்றே முடிவு செய்யாதீர்கள். இந்த நாய் எதற்குப் பயப்படுகிறது, இதுவரை என்ன நோய் வந்தது, சரிப்படாவிட்டால் யாரிடம் கேட்கலாம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். இரண்டாவது முறை போங்கள். முடிந்தால் மூன்றாவது முறையும் போங்கள். ஓடிவரும் நாய்க்கு யாராவது கிடைத்துவிடுவார்கள். வாளிக்குப் பின்னால் இருப்பதற்கு, திரும்பத் திரும்ப வருகிற ஒரு குடும்பம் வேண்டும். அந்தக் குடும்பம் இப்போது இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்றே நம்புகிறேன்.