ஆலயச் சுவரில் ஒரு சமூகத்தின் வரலாறு

ஒடுக்கப்பட்ட மக்களின் வரலாற்றை அவர்கள் வழிபடும் இடத்துக்குள்ளேயே கலைப்படைப்பாக நிறுவுவது தனி வகையான பணி. அருங்காட்சியகத்துக்கு மக்கள் எப்போதாவது ஒருமுறை போவார்கள். ஆலயத்துக்கு வாரந்தோறும் வருவார்கள். அங்கே வைக்கப்படும் ஓர் உருவத்தின் முன்னால்தான் திருமணம் நடக்கும், குழந்தைக்கு ஞானஸ்நானம் நடக்கும், சவப்பெட்டியும் இறக்கி வைக்கப்படும். அதனால் அந்த உருவம் யாருடையது, எந்த இடத்தில் நிற்கிறது, அதை முடிவு செய்தவர் யார் என்ற மூன்று கேள்விகளும் இங்கே கூடுதல் கனம் பெறுகின்றன.

அமெரிக்காவின் அலபாமா மாநிலம், பர்மிங்ஹாம் நகரில் கறுப்பின மக்களின் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் ஆலயம் இருக்கிறது. 1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து அங்கே நான்கு சிறுமியர் உயிரிழந்தனர். ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் சிதறின. ஒரு சன்னலில் இயேசுவின் முகம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. செய்தி கேட்ட வேல்ஸ் நாட்டு மக்கள், 'வெஸ்டர்ன் மெயில்' நாளிதழ் வழியாக ஒரு புதிய சன்னலுக்குப் பணம் திரட்டினார்கள். ஒருவர் அரை கிரவுன் என்ற சிறு தொகைக்கு மேல் தரக்கூடாது என்பது நிபந்தனை. செல்வர் ஒருவர் மொத்தச் செலவையும் ஏற்றுத் தம் பெயரைப் பொறித்துக்கொள்ள அதில் வழியில்லை. சிறு பிள்ளைகளின் காசும் அதில் சேர்ந்தது.

வேல்ஸில் வாழ்ந்த ஜான் பெட்ஸ் என்ற கலைஞர் வடித்த அந்தச் சன்னல் 1965-இல் நிறுவப்பட்டது. நீலக் கண்ணாடி நடுவே, கைகளை விரித்து நிற்கும் கறுப்பின இயேசு. ஒரு கை அநீதியைத் தள்ளுகிறது. மறு கை மன்னிப்புக்கு நீள்கிறது. இறந்த சிறுமியரின் முகங்கள் அதில் இல்லை. எளியவருக்குச் செய்தது எனக்கே செய்தது என்று மத்தேயு நற்செய்தியில் வரும் கருத்தை அடியில் பொறித்து, அவர்கள் பட்ட துன்பத்தை வழிபாட்டின் மையத்துக்கே கொண்டுவந்துவிட்டார் கலைஞர்.

வாஷிங்டன் தேசியப் பேராலயத்தின் கதை வேறு. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கு மாநிலங்களின் தளபதிகளான ராபர்ட் லீ, ஸ்டோன்வால் ஜாக்சன் இருவரையும் போற்றும் சன்னல்கள் அங்கே 1953 முதல் இருந்தன. 2017-இல் அவை கழற்றப்பட்டன. அதே இடத்தில் கறுப்பின ஓவியர் கெர்ரி ஜேம்ஸ் மார்ஷல் வடிவமைத்த சன்னல்கள் 2023 செப்டம்பரில் அர்ப்பணிக்கப்பட்டன. நீதி கேட்டு நடக்கும் மக்கள் கூட்டம் அவற்றில் தெரிகிறது. கையில் ஏந்திய பதாகைகள் பல முகங்களை மறைக்கின்றன. ஓவியர் பெற்ற கூலி 18 டாலர் 65 சென்ட். அடிமை முறை ஒழிந்த 1865-ஆம் ஆண்டைக் குறிக்கும் தொகை அது.

தமிழகத்தில் இந்தக் கேள்விகளுக்கு நெடிய வரலாறு உண்டு. சங்கரன்கோவில் சங்கரநாராயணர் கோயிலின் தல புராணமே ஒரு சான்று. புன்னை வனத்தைக் காவல் காத்த காவற்பறையன், களை வெட்டும்போது புற்று ஒன்றையும் சேர்த்து வெட்டிவிட்டான். பாம்பின் வால் அறுபட்டு இரத்தம் கசிந்தது. அருகே ஒரு லிங்கம் இருந்தது. அவன் ஓடிப்போய்ச் சொன்ன பிறகே மன்னன் உக்கிர பாண்டியன் வந்து பார்த்துக் கோயில் எழுப்பினான் என்கிறது புராணம். இன்றைக்கும் பக்தர்கள் நெற்றியில் இடும் புற்றுமண் பிரசாதம் அந்தக் கதையைச் சேர்ந்ததுதான். கோயிலின் தோற்றக் கதையில் முதல் சாட்சியாக நிற்பவன் ஒரு பறையர் காவலாளி. ஆனால் அவன் மரபில் வந்தவர்கள் பெருங்கோயில்களுக்குள் காலடி வைப்பதைச் சட்டம் உறுதி செய்ய 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கதையில் இடம் கிடைப்பதும் கட்டடத்தில் இடம் கிடைப்பதும் ஒன்றல்ல.

கிறிஸ்தவ ஆலயங்களும் இதற்கு விலக்கல்ல. நெல்லைச் சீமையின் தென்கோடியில் வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்துக்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் ஒரே பீடத்தில் போய்ச் சேரும். நடுவே தடுப்புச் சுவர். ஒரு பக்கம் வேளாளர், மறுபக்கம் நாடார் முதலானோர். இரு தரப்பும் ஒரே பூசையைக் காணலாம், ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை. அந்தச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் வரை போனது. ஆய்வாளர் ஆ. சிவசுப்பிரமணியன் 'கிறித்தவமும் சாதியும்' என்ற நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். பிரிவினையைக் கொத்தனார் கையால் கட்ட முடிந்தது என்பதால், நினைவுச் சின்னம் வடிவமைப்பவர் படத்தைவிடத் தரைப்படத்தை முதலில் பார்ப்பது நல்லது.

சங்கரன்கோவில் வட்டாரத்துச் சபை ஒன்று இத்தகைய பணியை எடுத்தால் வேலை ஞானஸ்நானப் பதிவேட்டில் தொடங்கும். பெயர், பெற்றோர், ஊர், தொழில், பழைய ஏடுகளில் சாதியும் அங்கே கிடைக்கும். வட நெல்லையில் ராக்லண்ட், பென், மெடோஸ் ஆகிய மிஷனெரிகள் 1850-களில் கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்றதை நூல்கள் சொல்கின்றன. ராக்லண்ட் 1858-இல் சிவகாசியில் இறந்தார். மிஷனெரிமாரின் பெயர்களைச் சலவைக்கல்லில் காணலாம். ஓலைக் கூரை வேய்ந்து முதல் ஜெபவீட்டை எழுப்பியவர்கள், உபதேசியார்கள், பிடி அரிசி சேர்த்த பெண்கள் ஆகியோரின் பெயர்களோ பெரும்பாலும் ஏட்டோடு நின்றுவிட்டன. நினைவுச் சின்னத்தில் முதலில் ஏற வேண்டியவை இந்தப் பெயர்களே.

அடுத்தது பொருள் தேர்வு. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு, 'பரட்டை' என்ற பெயரில் பறையையும் நாட்டுப்புற இசையையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். சாவுக்கொட்டு என்று தள்ளிவைக்கப்பட்ட கருவி பீடத்தின் முன் ஒலித்தது. அதே வழியில் பறையும் களைக்கொத்தும் அசனப் பண்டிகை என்னும் பொது விருந்துக்குச் சோறு பொங்கும் அண்டாவும் கலைப்பொருளாகலாம். நெசவுக்குப் பேர்போன ஊரில் பெயர்களைத் துணியில் நெய்து தொங்கவிடுவதும் எளிது. அசனத்தில் எல்லோரும் ஒரே பந்தியில் அமர்கிறார்கள் என்றால் அது கொண்டாடத் தக்க காட்சிதான். எந்த ஊரிலாவது அப்படி இல்லையென்றால் அங்கே அதை வரைந்து வைப்பது பொய்யாகிவிடும்.

வேதனையையும் மறைக்கக் கூடாது. 1950 ஆகஸ்ட் 10-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஆணை, பட்டியல் சாதிக்குரிய தகுதியிலிருந்து கிறிஸ்தவர்களை விலக்கியது. தலித் கிறிஸ்தவர்கள் அந்த நாளைக் கறுப்பு நாளாக அனுசரிக்கிறார்கள். ஆண்டு வரிசையில் ஆலயப் பிரதிஷ்டை நாளுக்குப் பக்கத்தில் இதுவும் இடம்பெற வேண்டும். தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருந்த ஊரில் அதுவும் இடம்பெற வேண்டும்.

இருப்பிடமே மிகக் கடினமான முடிவு. வாசலோரத் தாழ்வாரத்தில் வைத்தால் பழைய பின்வரிசையை மீண்டும் தந்ததாகும். பீடத்தின் அருகே வைத்தால் எதிர்ப்பு வரலாம். நற்கருணை வாங்கப் போகிறவர் ஒவ்வொருவரும் கடந்தே தீர வேண்டிய பக்கச் சுவரே பொருத்தமான இடம். எழுத்து முதியோர் வாசிக்கும் அளவில், தமிழில், கண்மட்டத்தில் இருக்க வேண்டும். யாருடைய வரலாறோ அவர்களே குழுவில் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். வெளியூர்க் கலைஞர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் இறுதிச் சொல் அவருடையதல்ல.

ஆலயத்தை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியின் தீர்மானமும் அதற்கு மேலான திருமண்டலத்தின் அனுமதியும் எழுத்தில் இருப்பது அவசியம். பண்டிகைக்குப் பண்டிகை சுவருக்கு வெள்ளையடிக்கும் ஆலயங்களில், குருவானவர் மாறியதும் சுவரோவியம் சுண்ணாம்புக்குள் போய்விடக்கூடும். கழற்றி மாட்டக்கூடிய பலகையும், அதில் பின்னால் கண்டெடுக்கப்படும் பெயர்களைச் சேர்க்க விடப்படும் வெற்றிடமும், சொத்துப் பதிவேட்டில் ஒரு வரியும் இருந்தால் அடுத்த கமிட்டி அதை எளிதில் அகற்ற முடியாது.