யாரிடம் கற்றோம்?

(விராலிமலையில் நடந்த முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"மெஷினைப் பத்திப் பேசினா எல்லாரும் தூங்கிடுவாங்க. ஹாஸ்டல்ல ராத்திரி பூரா இங்கிலீஷ் பாட்டு கேட்பியே, அதைப் பத்திப் பேசு" என்று செயலாளர் சொல்லிவிட்டார். ஆகவே பாட்டைப் பற்றியே பேசுகிறேன்.

1961 அக்டோபர். இங்கிலாந்தில் டார்ட்ஃபோர்டு ரயில் நிலையம். லண்டனில் பொருளாதாரம் படித்த ஒரு மாணவர் கையில் இசைத்தட்டுகளோடு நிற்கிறார். ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவர் அதைப் பார்த்துப் பேச்சுக் கொடுக்கிறார். முதலாமவர் மிக் ஜாகர், அடுத்தவர் கீத் ரிச்சர்ட்ஸ். சின்ன வயதில் ஒரே பள்ளிக்கூடம். அந்தத் தட்டுகளில் இருந்தது சக் பெர்ரி, மட்டி வாட்டர்ஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர்களின் பாட்டு.

1962 மார்ச்சில் அலெக்சிஸ் கார்னரும் சிரில் டேவிஸும் லண்டன் ஈலிங்கில், தரைக்குக் கீழே ஓர் அறையில், ப்ளூஸ் இசைக்கென்று கிளப் தொடங்கினார்கள். அங்கே சுற்றிக்கொண்டிருந்த பையன்கள்தான் அதே ஜூலையில் 'ரோலிங் ஸ்டோன்ஸ்' என்று மேடையேறினார்கள். அந்தப் பெயரே மட்டி வாட்டர்ஸ் பாட்டிலிருந்து எடுத்ததுதான்.

யார் இந்த மட்டி வாட்டர்ஸ்? மிசிசிப்பியில் பருத்தித் தோட்டத்தில் கூலிவேலை பார்த்தவர். அவர் நாட்டில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் பலருக்கு அவரைத் தெரியாது. அவர் பாட்டைக் கற்றுப் பாடிய இங்கிலாந்துப் பையன்களைத்தான் தெரியும்.

கற்றவர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு விதமாக நடந்துகொண்டார்கள். 1965-இல் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு ரோலிங் ஸ்டோன்ஸை அழைத்தபோது, ஹவ்லின் உல்ஃபும் பாட வேண்டும் என்று கேட்டு அவரை வரவழைத்தார்கள். அவர் பாட, இவர்கள் அருகில் உட்கார்ந்து கேட்டார்கள். 1969-இல் 'லெட் செப்பலின்' குழு ஒரு பாட்டு வெளியிட்டது. அதில் வில்லி டிக்சனின் வரிகள் இருந்தன, பெயர் இல்லை. அவர் 1985-இல் வழக்குப் போட்டார், 1987-இல் சமரசம் ஆனது. இன்று அந்தப் பாட்டில் அவர் பெயரும் இருக்கிறது.

சரி, இதற்கும் விராலிமலைக்கும் என்னப்பா சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது.

இந்த மலைமேல் இருக்கும் முருகன் கோயிலில் 32 பெண்கள் சதிர் ஆடிப் பாடிப் பணி செய்தார்கள். அவர்களில் கடைசியாக எஞ்சியவர் முத்துக்கண்ணம்மாள். ஏழு வயதில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்டவர், தந்தையான ராமச்சந்திர நட்டுவனாரிடம் கற்றவர். அந்தச் சதிர்தான் 1930-களில் பரதநாட்டியம் என்று பெயர் மாற்றிக்கொண்டு சபா மேடை ஏறியது. 1935-இல் அரங்கேறிய ருக்மிணி தேவி கற்றதும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும்தான். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. சிறுமிகளை நேர்ந்துவிடுவது ஒழிய வேண்டியதுதான். ஆனால் நாட்டியத்துக்கு மேடை கிடைத்த அளவுக்கு, அதைக் காப்பாற்றி வைத்திருந்த பெண்களுக்குக் கிடைக்கவில்லை. முத்துக்கண்ணம்மாளுக்குப் பத்மஸ்ரீ வந்தது 2022-இல். சட்டம் வந்து 75 வருஷம்!

ஊரைக் குறை சொல்லிவிட்டு என்னை மட்டும் விட்டுவிடக் கூடாது. என் முதல் வேலையில் ஒரு ஃபிட்டர் அண்ணன் இருந்தார். படிப்பு எட்டாம் வகுப்பு. ஓடுகிற மோட்டாரின் பேரிங் மேல் திருப்புளி முனையை வைத்து, பிடியைக் காதில் ஒட்டி, "இது பத்து நாள் தாங்காது தம்பி" என்பார். அப்படியே ஆகும். எந்தச் சத்தத்துக்கு என்ன கோளாறு என்று ஆறு மாதம் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அதை நான் அழகாக அறிக்கையாக எழுதினேன். பரிசு கிடைத்தது. அறிக்கையில் அவர் பெயர் இல்லை. வேண்டுமென்று விடவில்லை, தோன்றவே இல்லை. அதுதான் இன்னும் மோசம். நோட்டீஸ் போர்டில் படித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கீங்க சார்" என்றார். அதுவரை நான் அவருக்குத் தம்பி.

போன வாரம் போன் செய்தேன். இந்தக் கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லட்டுமா அண்ணே என்று கேட்டேன். "ரிட்டயர் ஆனவனுக்குப் பேரு எதுக்குப்பா? அப்போ போட்டிருந்தா பொண்ணுகிட்ட காட்டியிருப்பேன்" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தம்பி தங்கைகளே, உங்கள் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நன்றி சொல்லும் பக்கம் ஒன்று இருக்கும். முதல்வர், துறைத்தலைவர் எல்லோரும் இருப்பார்கள். லேத்தில் உங்களுக்குப் பீஸ் கடைந்து கொடுத்தாரே ஒர்க்‌ஷாப் அண்ணன், அவர் பெயர் இருக்கிறதா? முழுப்பெயர் தெரியாவிட்டால் நாளைக்கே போய்க் கேளுங்கள். அவர் வேலையில் இருக்கும்போதே எழுதுங்கள்.