செங்கோட்டை வழக்கு நமக்குச் சொல்வது

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"துரோகி" என்ற சொல் நம் வாயில் வெகு சுலபமாக வருகிறது. வேலை நிறுத்தத்தில் பின்வாங்கியவனும் துரோகி, துரையிடம் தனியே பேசியவனும் துரோகி. அந்தச் சொல்லை எப்படி விசாரித்த பிறகு சொல்ல வேண்டும் என்பதற்கு, இந்த மண்ணிலே வேர்விட்ட ஒரு வழக்கை எடுத்துக்கொள்கிறேன்.

1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து இந்தியச் சிப்பாய்களை வெள்ளைக்காரச் சிப்பாய்களிடமிருந்து பிரித்து, ஃபேரர் பார்க் மைதானத்தில் திரட்டினார்கள். ஏறத்தாழ 40,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரே அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா அவர்களைக் கேப்டன் மோகன் சிங்கின் பொறுப்பில் விட்டார். இந்தக் கைதிகளில் பலர் சேர்ந்ததே இந்திய தேசிய இராணுவம். 1943-ல் நேதாஜி வந்தபின், தோட்டங்களில் பால்மரம் சீவிய நம்மவர்களும், ஆணும் பெண்ணுமாக, அதில் சேர்ந்தார்கள்.

போர் முடிந்ததும், "கைதியாகிப் பகைவனோடு சேர்ந்தவர்கள்" என்று பிரிட்டிஷார் வழக்குத் தொடுத்தார்கள். 1945 நவம்பர் 5-ல் டில்லி செங்கோட்டையில் இராணுவ நீதிமன்றம் கூடியது. ஷா நவாஸ் கான், பிரேம் சேகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவர் மீது மன்னருக்கு எதிராகப் போர் புரிந்த குற்றச்சாட்டு. கொலை தொடர்பான குற்றச்சாட்டுகளும் உண்டு. அடிமைப்பட்ட மக்களுக்குத் தங்கள் விடுதலைக்காகப் போரிட உரிமை உண்டு என்று வாதாடினார் பூலாபாய் தேசாய். மூவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் நாடே கொதித்தெழுந்திருந்தது. 1946 ஜனவரி 3-ல் தளபதி ஆக்கின்லெக் அந்தத் தண்டனையை நீக்கினார்.

தோழர்களே, கதை இதோடு முடியவில்லை. ஆயிரக்கணக்கான கைதிகள் அந்தப் படையில் சேர மறுத்தார்கள். அவர்களில் பலரை ஜப்பானியர் நியூகினிப் பக்கம் கொண்டுபோய்க் கட்டாய வேலை வாங்கினார்கள், பலர் மாண்டார்கள். கொடுத்த வாக்கைக் காத்த அவர்களையும் துரோகி என்று சொல்ல முடியுமா? இன்னொரு வழக்கில், சக கைதிகளைக் கொடுமைப்படுத்தியதாகக் கேப்டன் அப்துல் ரஷீத் 7 ஆண்டு கடுங்காவல் பெற்றார். அதை எதிர்த்து 1946 பிப்ரவரியில் கல்கத்தாவில் இந்துவும் முஸ்லிமும் ஒன்றாகத் தெருவில் இறங்கினார்கள். அந்நிய ஆட்சியின் மீதிருந்த கோபம் நியாயமானதே. ஆனாலும் அடிபட்டதாகச் சொன்ன கைதியும் நம்மவன்தான். கொடி நம்முடையது என்பதற்காக அவன் முறையீட்டைத் தள்ளிவிடலாகாது.

எந்தப் பக்கம் நின்றான் என்பது ஒரு கேள்வி. என்ன செய்தான் என்பது வேறு கேள்வி. கைதியாக இருந்தவனிடம் மூன்றாவதாகவும் ஒன்று கேட்க வேண்டும்: அவனுக்கு வேறு வழி இருந்ததா? பசிக்குச் சேர்ந்தவனும், பயந்து சேர்ந்தவனும், நாட்டுக்காகச் சேர்ந்தவனும் ஒரே சீருடைதான் அணிந்திருந்தார்கள்.

நம் கிளையில் ஒருவனைக் கருங்காலி என்று சொல்லுமுன் குற்றத்தை எழுத்தில் கொடுங்கள். அவன் பக்கம் பேச ஓர் ஆளை அனுமதியுங்கள். அந்நியன் நடத்திய இராணுவ நீதிமன்றத்தில்கூடக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு வக்கீல் இருந்தார். தொழிலாளியின் சங்கம் அதைவிடக் குறைந்த நீதி வழங்கலாமா?